மாஸ்க் போட்டும் மூச்சு முட்டுதே, ஏன்?

போன இதழ்ல கொறட்டை பத்தியும், தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு போற ஸ்லீப் ஆப்னியா நோய கண்டுபிடிக்கற ஸ்லீப் ஸ்டடி பத்தியும் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே புலம்பல்தான், "டாக்டர், கடன வாங்கி சிபாப் மெஷினும் வாங்கியாச்சு, மாஸ்க்கும் ஒழுங்கா போட்டுக்கறோம், அப்படியும் நடு ராத்திரில மூச்சு முட்டி எழுந்துக்கறோமே"ன்னு. சிபாப்ங்கறது மாஸ்க் வழியா காத்த ப்ரெஷரோட தள்ளி, தொண்டை அடைக்காம திறந்து வெக்கற மெஷின். அதனால இந்த தடவை சுகர், முட்டி வலி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 52, திண்டுக்கல் பக்கத்துல மளிகைக் கடை வெச்சிருக்கேன், எடை 98 கிலோ. ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பாத்துட்டு மணிக்கு 41 தடவை மூச்சு நிக்குதுன்னு சொன்னாங்க, ப்ரெஷர தானே ஏத்தி இறக்கிக்கற ஆட்டோ சிபாப் வாங்கினேன். முதல் ரெண்டு மாசம் அருமையா இருந்துச்சு, கல்லாவுல உட்கார்ந்தபடியே தூங்கி விழறது நின்னு போச்சு. இப்ப மூணு வாரமா ராத்திரில யாரோ தலைய தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரி திணறி எழுந்துக்கறேன், மாஸ்க்க கழட்டி எறிஞ்சாதான் உசுரு வருது. காலைல தலைவலி வேற. எங்க அம்மா இது அமுக்குவான் வேலைதான், தலகாணிக்கு அடியில இரும்பு வெச்சுப் படுங்கறாங்க. மெஷின் வித்தவரு போன்ல ப்ரெஷர கொஞ்சம் ஏத்திக்கோங்க, செட்டிங் எப்படி போறதுன்னு சொல்லித் தர்றேங்கறாரு. பேசாம மெஷின தூக்கிப் போட்டுடலாமான்னு இருக்கு. அப்புறம் ஒண்ணு, மாஸ்க் முன்னாடி குட்டி குட்டியா ஓட்டை இருக்குல்ல, அதுல வர்ற காத்து என் சம்சாரம் மூஞ்சில அடிக்குதுன்னு பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டோம், அந்த பிரச்சனை இப்ப இல்ல.

பதில்: சார், கடைசி வரில போற போக்குல சொல்லிட்டுப் போயிருக்கீங்களே, எனக்கு தூக்கி வாரிப் போட்டது அதுதான். இத படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி எழுந்து போய் அந்த பிளாஸ்திரிய உரிச்சுப் போட்டுட்டு வாங்க. பசை ஒட்டியிருந்தா வெதுவெதுப்பான தண்ணில லேசா சோப்பு போட்டு கழுவி, ஓட்டை எல்லாம் திறந்திருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க.

ஏன் சொல்றேன்னா, மெஷின்ல இருந்து உங்க மூக்குக்கு வர்றது ஒரே ஒரு டியூப். காத்து உள்ள வர்றதுக்கு அது இருக்கு, நீங்க விடற மூச்சு வெளிய போறதுக்கு வேற பாதை எதுவும் கிடையாது, அந்த குட்டி ஓட்டைங்கதான் வாசல். அது மாஸ்க்ல இருக்கற குறை இல்ல, கணக்கு போட்டு வெச்சது. அதை அடைச்சுட்டா நீங்க விட்ட மூச்சு டியூப்லயே தங்கி அடுத்த மூச்சுல திரும்ப உங்களுக்கே வரும், அப்படியே ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போகும். நம்ம மூளை ஆக்சிஜன் குறையறதை விட கார்பன் டை ஆக்சைடு ஏறினாதான் சட்டுன்னு பதறும், அந்த பதட்டம்தான் நீங்க சொல்ற தண்ணிக்குள்ள அமுக்கின மாதிரியான திணறல். காலைல தலைவலியும் அதோட கணக்குலதான் வரும். நீங்க பிளாஸ்திரி ஒட்டினது எப்பன்னு வீட்டம்மாவ கேட்டுப் பாருங்க, மூணு வாரம்னு சொன்னாங்கன்னா எனக்கு ஆச்சரியமே இருக்காது. அவங்க மூஞ்சில காத்து அடிக்காம இருக்க நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, இல்ல நடுவுல ஒரு தலகாணிய நிமித்தி வைங்க. காத்த ஒரே இடத்துல பீச்சாம பரப்பி விடற மாதிரி ஓட்டை வெச்ச மாஸ்க்கும் இருக்கு, அடுத்த மாஸ்க் வாங்கும்போது கேட்டு வாங்குங்க. போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துப் போத்திக்கற பழக்கம் இருந்தாலும் இதே கதைதான், மார்கழி மாசம் வந்தா இத கவனிங்க.

பிளாஸ்திரிய எடுத்த பிறகும் ஒரு வாரத்துல சரியாகலைன்னா? மூச்சு முட்டுதுன்னு வர்றவங்ககிட்ட நான் ப்ரெஷர் எவ்வளவுன்னு முதல்ல கேக்க மாட்டேன், எத்தனை மணிக்கு முழிப்பு வருதுன்னுதான் கேப்பேன், நிறைய பேருக்கு அதுக்கு பதிலே தெரியாது. கட்டில் பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வைங்க, முழிப்பு வந்ததும் மணி என்ன, மல்லாந்து படுத்திருந்தீங்களா ஒருக்களிச்சா, வாய் காய்ஞ்சிருந்துச்சா, எழுந்து உட்கார்ந்ததும் எவ்வளவு நேரத்துல மூச்சு சீராச்சு, இந்த நாலையும் கிறுக்கி வைங்க. பத்து நாள் நோட்டு கையில இருந்தா டாக்டருக்கு பாதி வேலை முடிஞ்சுது.

படுத்து பத்து நிமிஷத்துலயே, தூக்கம் கண்ணை சொக்கும்போதே மூச்சு பத்தலைன்னு தோணுச்சுன்னா பெரும்பாலும் ஆரம்ப ப்ரெஷர் கம்மியா இருக்கும். வாங்கின மெஷின அப்படியே ஓட விட்டா பல மெஷின் 4ல ஆரம்பிக்கும், அப்புறம் மெதுவா ஏறும், அந்த மெதுவா ஏத்தறதுக்கு ராம்ப்னு பேரு. 4ன்னா என்னன்னு சொல்றேன், ஒரு டம்ளர் தண்ணில ஸ்ட்ரா விட்டு ஊதினா குமிழி வரும்ல, ஸ்ட்ரா 4 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்தா குமிழி வரவைக்க எவ்வளவு ஊதணுமோ அவ்வளவுதான் அந்த 4. உங்க உடம்புவாகுக்கு அது ரொம்ப கம்மி, மாஸ்க்குக்குள்ள காத்தே வராத மாதிரி இருக்கும். டாக்டர் அதை 6, 7ன்னு மாத்தி விட்டாலே அன்னிக்கு ராத்திரியே வித்தியாசம் தெரியறவங்க உண்டு.

விடிகாலை 3 மணிக்கு மேல 5 மணிக்குள்ள வர்ற திணறலுக்கு காரணம் வேற. கனவு வர்ற தூக்கம் ராத்திரியோட பின்பாதிலதான் அதிகம், அந்த நேரத்துல உடம்பு தசையெல்லாம் துவண்டு போயிடும், தொண்டை தசையும் சேர்த்து. மல்லாந்து வேற படுத்திருந்தா நாக்கு பின்னாடி சரிஞ்சு பாதைய நல்லா அடைச்சுடும். ஆட்டோ மெஷின்ல கீழ் அளவு 4, மேல் அளவு 20ன்னு அகலமா விட்டு வெச்சிருந்தா, மெஷின் அடைப்ப மோப்பம் பிடிச்சு 4ல இருந்து 11, 12க்கு ஏறி வர்றதுக்குள்ள நீங்க திணறி எழுந்துடுவீங்க. கீழ் அளவ உங்களுக்கு வழக்கமா தேவைப்படற ப்ரெஷருக்கு கொஞ்சம் பக்கத்துல கொண்டு வந்து வெச்சா அந்த ஓட்டப்பந்தயமே தேவையில்ல. அது எவ்வளவுன்னு மெஷின்ல இருக்கற கார்டுலயோ ஆப்லயோ பதிவாகியிருக்கும், அதை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.

அதே நேரத்துல வாய் வறட்டு ஓலை மாதிரி காய்ஞ்சு எழுந்தீங்கன்னா வாய் திறந்துக்குதுன்னு அர்த்தம். மூக்கு மட்டும் மூடற மாஸ்க் போட்டுட்டு வாய திறந்தா, மூக்கு வழியா போற காத்து வாய் வழியா வெளிய கொட்டிடும், தொண்டைக்கு முட்டுக் குடுக்க ப்ரெஷர் மிஞ்சாது. மூக்கடைப்பு இருக்கறவங்கதான் வாய திறப்பாங்க, அதனால முதல்ல மூக்க பாருங்க, உப்புத் தண்ணி ஸ்ப்ரே, அலர்ஜி இருந்தா அதுக்கு மருந்து, எலும்பு வளைஞ்சிருந்தா ஈஎன்டி டாக்டர். அப்பவும் முடியலைன்னா வாயையும் சேர்த்து மூடற மாஸ்க். வாய்க்கு டேப் ஒட்டற வீடியோவெல்லாம் சுத்துது, மூக்கடைப்பு இருக்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

ப்ரெஷர நீங்களா ஏத்தறது மட்டும் வேணாம் சார், போன்ல யார் சொல்லிக் குடுத்தாலும் சரி. தேவைக்கு மேல ஏத்தினா மாஸ்க் ஓரத்துல லீக் அதிகமாகும், வயித்துல காத்து போய் உப்பிக்கும், அதுக்கும் மேல இன்னொரு சிக்கல் இருக்கு. சிலருக்கு ப்ரெஷர் ஏற ஏற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி கழுவிப் போயிடும், அப்ப மூளை "இப்ப மூச்சு இழுக்க வேண்டியதில்ல போல"ன்னு சும்மா இருந்துடும். தொண்டை திறந்துதான் இருக்கு, ஆனா மூச்சு இழுக்கச் சொல்லி உத்தரவே வராது. இதுக்கு சென்ட்ரல் ஆப்னியான்னு பேரு. சிபாப் போட ஆரம்பிச்ச புதுசுல சிலருக்கு இது தலைகாட்டும், நிறைய பேருக்கு சில வாரம், சில மாசத்துல தானா அடங்கிடும், அடங்காதவங்களுக்கு வேற வகை மெஷின் தேவைப்படும். அடைப்பால நின்ன மூச்சா, மூளை சும்மா இருந்து நின்ன மூச்சான்னு மெஷினே ஓரளவு பிரிச்சு காட்டும். அடைப்புன்னா ப்ரெஷர் கூட்டணும், சென்ட்ரல்னா பெரும்பாலும் குறைக்கணும், ரெண்டும் நேர் எதிர், அதனாலதான் கண்ண மூடிக்கிட்டு ஏத்தாதீங்கன்னு சொல்றேன்.

காலைல எழுந்ததும் மெஷின் ஸ்க்ரீன்ல ரெண்டு நம்பர் பாருங்க. ஒண்ணு ஏஹெச்ஐ, அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்னுச்சு இல்ல குறைஞ்சுச்சுன்னு, உங்களுக்கு 41 இருந்தது மெஷினோட 5க்கு கீழ இருக்கணும். இன்னொண்ணு லீக். இதுல எது கூட இருந்தாலும் ஒரு நாளுக்காக பதற வேணாம், வாரக்கணக்கா கூடவே இருந்தா டாக்டரப் பாருங்க. தாடி வளர்த்திருக்கீங்களா, மாஸ்க் ரப்பர்ல எண்ணெய் பிசுக்கு ஏறியிருக்கா, ஸ்ட்ராப் தொளதொளன்னு ஆகிடுச்சா, பின்னாடி ஃபில்டர்ல கடை தூசி அடைச்சிருக்கா, இதெல்லாம் வீட்லயே பாத்துடலாம். ரெண்டு மாசம் கழிச்சு பிரச்சனை ஆரம்பிச்சவங்களுக்கு பல சமயம் மாஸ்க் ரப்பர் தளர்ந்ததே காரணமா இருக்கும்.

அம்மாகிட்ட சொல்லுங்க, இது அமுக்குவான் இல்ல. அமுக்குவான்னு நம்ம வீடுகள்ல சொல்றது என்னன்னா முழிப்பு வந்துடும், ஆனா கனவுத் தூக்கத்தோட துவண்ட தசை இன்னும் விடுபட்டிருக்காது, கை கால அசைக்க முடியாம நெஞ்சு மேல யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல தானா விலகிடும். உங்களால சட்டுன்னு எழுந்து மாஸ்க்க கழட்டி எறிய முடியுதே, அப்ப அது வேற. இரும்பு வெக்கறதால ஒரு கெடுதலும் இல்ல, வயசானவங்க மனசு ஆறுதலுக்கு வெச்சுக்கட்டும்.

மெஷின தூக்கிப் போடறத பத்தி மட்டும் ஒரு வார்த்தை. இந்த நோய் முத்தினவங்களுக்கு ஒரு காலத்துல இருந்த உறுதியான வைத்தியம் மூச்சு விட கழுத்துல ஓட்டை போடறதுதான். ஆஸ்திரேலியாவுல சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர், மூக்கு வழியா காத்த தள்ளி தொண்டைய திறந்து வெக்கலாம்னு அஞ்சு நோயாளிகள்கிட்ட செஞ்சு பாத்து 1981ல லான்செட் பத்திரிகைல எழுதினார், அங்க இருந்து வந்ததுதான் உங்க கட்டில் பக்கத்துல இருக்கற பெட்டி. கல்லாவுல தூங்கி விழறது நின்னுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. சரக்கெடுக்க விடியக்காலைல வண்டி ஓட்டிட்டுப் போறவரா இருந்தா, அந்த தூக்கம் திரும்ப வந்தா ரோட்ல என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு. பிளாஸ்திரிய எடுங்க, நோட்டு எழுதுங்க, பத்து நாள் கழிச்சு எனக்கு கட்டாயம் ஒரு லெட்டர் போடுங்க.

கேள்வி: டாக்டர், நான் சேலத்துல இருந்து எழுதறேன். என் வீட்டுக்காரருக்கு 61 வயசு, நாலு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஒன்றரை வருஷமா சிபாப் போடறார், ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப பத்து நாளா 10 மணிக்கு படுத்தா 12, 12.30க்கு திடுக்குன்னு எழுந்து உட்கார்ந்துடறார், இருமறார், ஜன்னல திறந்து வெச்சுக்கிட்டு நிக்கறார். அரை மணி நேரம் ஆனாதான் அடங்குது. முன்ன ஒரு தலகாணி, இப்ப மூணு வெச்சுக்கறார். செருப்பு வேற டைட்டா இருக்குங்கறார். மாஸ்க் சைஸ் மாத்தினா சரியாகுமா?

பதில்: அம்மா, மாஸ்க்க விடுங்க. நாளைக்கு காலைல முதல் வேலையா அவரை ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இந்த புத்தகம் உங்க கைக்கு வர்றதுக்குள்ளயே போயிருந்தீங்கன்னா ரொம்ப நல்லது. உங்க லெட்டர் வந்த அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன், ஆனா இதே மாதிரி வேற வீட்லயும் நடக்கலாம்னுதான் இங்கயும் எழுதறேன்.

தொண்டை அடைச்சு முழிக்கறவங்களுக்கு எழுந்து ரெண்டு மூச்சு இழுத்தா சரியாப் போயிடும், நிமிஷம் கூட ஆகாது. அரை மணி நேரம் உட்கார்ந்தாதான் அடங்குதுன்னா அது தொண்டை சமாச்சாரம் இல்ல, நுரையீரல்ல நீர் கோக்குது, இல்ல ஆஸ்துமா. ஹார்ட் அட்டாக் வந்தவர், படுத்து ரெண்டு மணி நேரத்துல முழிப்பு, தலகாணி ஒண்ணு மூணாச்சு, கால் வீங்குது, இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டுது. பகல் முழுக்க கால்ல தங்கற நீர், படுத்ததும் மெதுவா மேல ரத்தத்துக்கு திரும்பும், இதயம் பலமா இருந்தா அதை தள்ளிடும், பலவீனமா இருந்தா அது நுரையீரல்ல தேங்கிடும். அதனாலதான் படுத்ததும் வராம ரெண்டு மணி நேரம் கழிச்சு வருது, எழுந்து உட்கார்ந்தா மெதுவா இறங்குது.

கணுக்காலுக்கு மேல முன் எலும்பு மேல கட்டைவிரலால பத்து எண்ணற வரைக்கும் அழுத்திட்டு எடுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா நீர்தான். தினம் காலைல பாத்ரூம் போய்ட்டு வந்ததும் எடை பாத்து எழுதுங்க, மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா அது சாப்பாட்டால வந்த எடை இல்ல. அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் உடனே நிறுத்துங்க. இன்னொண்ணு முக்கியம், முட்டி வலி, முதுகு வலின்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கி மாத்திரை ஏதாச்சும் போட்டாரான்னு விசாரிங்க, பல வலி மாத்திரை உடம்புல நீர கட்டி வெக்கும். ஹார்ட் மாத்திரைய தீந்து போச்சுன்னு நிறுத்தியிருந்தாலும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. இசிஜி, எக்கோங்கற ஹார்ட் ஸ்கேன், ஒரு ரத்தப் பரிசோதனை, இதுலயே பெரும்பாலும் தெரிஞ்சுடும்.

ராத்திரில மூச்சோட வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு வலிக்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலம் பாயுது, இல்ல நுரை நுரையா சளி, அதுவும் ரோஸ் கலர்ல வந்துச்சுன்னா காலைல வரைக்கும் பொறுக்காதீங்க, அந்த நிமிஷமே 108க்கு போன் போட்டு உட்கார்ந்த நிலைலயே வெச்சு கூட்டிட்டுப் போங்க, படுக்க வைக்காதீங்க.

மெஷின மாத்துங்கன்னு யாராவது சொன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. சென்ட்ரல் ஆப்னியாவுக்கு ஏஎஸ்வின்னு ஒரு விலை கூடின மெஷின் இருக்கு. இதயம் பம்ப் பண்ற அளவு 45 சதவீதமோ அதுக்கு கீழயோ இருந்து, சென்ட்ரல் ஆப்னியாவே அதிகமா இருந்தவங்களுக்கு அதை குடுத்துப் பாத்தப்ப இதய நோயால இறந்தவங்க அதிகமானாங்கன்னு 2015ல வெளிவந்த செர்வ் ஹெச்எஃப் ஆய்வுல தெரிஞ்சுது. அதனால எக்கோ ரிப்போர்ட் பாக்காம அந்த மெஷின வாங்கவே கூடாது.

கேள்வி: எங்க பெரியப்பா சிங்கப்பூர்ல யூஸ் பண்ணிட்டு இருந்த சிபாப் மெஷின், அவர் போன வருஷம் தவறிட்டதால எங்ககிட்ட வந்துச்சு. எனக்கும் கொறட்டை, அதனால அதையே போட்டுக்கறேன். ப்ரெஷர் 14னு இருக்கு. ஆனா ராத்திரி மூணு நாலு தடவை மூச்சு விட முடியாம எழுந்துக்கறேன். 36 வயசு, தஞ்சாவூர்.

பதில்: தம்பி, பெரியப்பாவோட கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு பஸ் நம்பர் சரியா தெரியலைன்னா கண்ணாடி மேல குறை சொல்ல மாட்டோம்ல. 14ங்கறது அவர் தொண்டைக்கு வெச்ச அளவு. உங்களுக்கு எவ்வளவு வேணும், ஏன் வேணுமா வேணாமான்னே தெரியாது, கொறட்டை விடற எல்லாருக்கும் மூச்சு நிக்கறதில்ல. அதிக ப்ரெஷருக்கு எதிரா மூச்ச வெளிய விடறது கஷ்டம், அதுவே உங்கள எழுப்பி விடலாம். இன்னிக்கு ராத்திரில இருந்தே அதை நிறுத்திட்டு முதல்ல ஸ்லீப் ஸ்டடி எடுங்க, இப்ப வீட்லயே மாட்டிக்கிட்டு படுக்கற மாதிரி சின்ன கருவியும் வந்தாச்சு. டெஸ்ட் எடுக்கற வரைக்கும் ஒருக்களிச்சுப் படுங்க, ராத்திரில தண்ணி அடிக்கற பழக்கம் இருந்தா விடுங்க, தூக்க மாத்திரை தானா போடாதீங்க, ரெண்டுமே தொண்டை தசைய இன்னும் துவள வைக்கும்.

மெஷினயும் பாக்கணும். 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி தன்னோட பல சிபாப் மாடல்களையும், மூச்சு இழுக்க ஒரு ப்ரெஷர், விட ஒரு ப்ரெஷர்னு குடுக்கற பைபாப் மாடல்களையும் திரும்ப வாங்கிக்கறதா அறிவிச்சாங்க, சத்தம் குறைக்க உள்ள வெச்ச ஸ்பாஞ்ச் உதிர்ந்து தூளாவும் வாயுவாவும் மூச்சுல கலக்கலாம்னு காரணம் சொன்னாங்க. உங்களுது எந்த கம்பெனி, எந்த வருஷம்னு தெரியாது, அடில இருக்கற மாடல் பேரையும் சீரியல் நம்பரையும் கம்பெனி வெப்சைட்ல போட்டுப் பாருங்க. மெஷின் நல்லதாவே இருந்து, டாக்டரும் உங்களுக்கு அது வேணும்னு சொன்னா, ப்ரெஷர உங்களுக்குன்னு மாத்தி வெச்சு தாராளமா யூஸ் பண்ணலாம், காசு மிச்சம். ஆனா மாஸ்க், டியூப், ஃபில்டர், தண்ணித் தொட்டி நாலும் புதுசா வாங்கிடுங்க. பெரியப்பா பொருள்ங்கற பாசம் புரியுது, மாஸ்க்ல மட்டும் அது வேணாம்.

கேள்வி: ஏசி போட்டு தூங்கறேன். விடியக்காலைல டியூப்ல கொடகொடன்னு சத்தம், திடீர்னு மூக்குக்குள்ள தண்ணி வந்து திணறி எழுந்துக்கறேன். மெஷின் ரிப்பேரா? (ஒரு வாசகி, ஆவடி)

பதில்: ரிப்பேர் இல்லம்மா. தொட்டில சூடாகி வர்ற ஈரக் காத்து, ஏசில ஜில்லுன்னு ஆன டியூப்ல பட்டு தண்ணியா மாறுது, ஐஸ் தண்ணி சொம்புக்கு வெளிய வேர்க்கற மாதிரி. ஈரப்பதம் அளவ ஒண்ணு ரெண்டு குறைங்க, ஏசிய 26ல வைங்க, டியூப் மேல பழைய காட்டன் துணில உறை தெச்சுப் போடுங்க, மெஷின கட்டில் உயரத்துக்கு கீழ வைங்க, தண்ணி மூக்குக்கு வராம திரும்ப கீழ ஓடிடும். சூடாகற டியூப்னே தனியா கிடைக்குது, உங்க மெஷினுக்கு பொருந்துமான்னு பாத்து வாங்குங்க. தொட்டில ஊத்தறது மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற டிஸ்டில்ட் வாட்டரா இருக்கட்டும், தினம் காலைல மிச்சத்த கொட்டி காய வைங்க.

கேள்வி: நடு ராத்திரில கரண்ட் போனா மாஸ்க்குக்குள்ள மூச்சு முட்டி செத்துடுவோமா? (விருதுநகர்)

பதில்: மாட்டீங்க. வாயும் மூக்கும் மூடற மாஸ்க்ல காத்து நின்னதும் தானா திறந்துக்கற ஒரு குட்டி வால்வ் இருக்கு, மூக்கு மாஸ்க்னா வாய் இருக்கு. ஆனா காத்து நின்னா பழைய அடைப்பு திரும்ப வரும், திணறி முழிப்பு வரும், முழிச்சதும் மாஸ்க்க கழட்டிடுங்க. மாஸ்க் கழுவும்போது அந்த வால்வ் மடங்கி ஒட்டிக்காம அசையுதான்னு பாருங்க. அடிக்கடி கரண்ட் போற ஊர்னா மெஷின் பிளக்க இன்வெர்டர் லைன்ல குடுக்கச் சொல்லுங்க, தண்ணி சூடு பண்றதுதான் கரண்ட நிறைய இழுக்கும், கரண்ட் இல்லாதப்ப அதை மட்டும் அணைச்சா பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும்.

கேள்வி: எனக்கு 31 வயசு, மெஷின் வாங்கி ஆறு நாள் ஆச்சு. நம்பர் எல்லாம் நல்லா இருக்கு, லீக் இல்லன்னு டெக்னீஷியன் சொல்றார். ஆனா ராத்திரி முழிப்பு வந்து மூஞ்சில மாஸ்க் இருக்கறது தெரிஞ்ச அடுத்த நொடி நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சே விட முடியாதுன்னு தோணுது, பிச்சு எறிஞ்சுடறேன். சின்ன வயசுல கிணத்துல விழுந்து காப்பாத்தினாங்க, அதுல இருந்து மூஞ்சிய மூடினாலே பயம். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு டாக்டர்.

பதில்: இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்லம்மா. கிணத்துல மூச்சு போன உடம்பு அதை மறக்கல, மூஞ்சில ஏதாச்சும் பட்டா உன்னைக் காப்பாத்தணும்னு துடிக்குது, அவ்வளவுதான். உனக்கு மூச்சு வர்றது நிஜமா நிக்கல, நம்பர் அதைத்தான் சொல்லுது, ஆனா அதை உன் உடம்புக்கு ராத்திரி 2 மணிக்கு சொல்லிப் புரியவைக்க முடியாது, பகல்லதான் பழக்கணும்.

நாளைக்கு சாயங்காலம் டிவி பாக்கும்போது மாஸ்க்க கையில மட்டும் வெச்சுக்கோ, மெஷின் ஓடட்டும், காத்து கன்னத்துல படட்டும். பயம் இறங்கினதும் ஸ்ட்ராப் போடாம மூக்கு மேல கையால பிடிச்சுக்கோ, எப்ப வேணா எடுத்துடலாம்னு கைக்கு தெரியும்ல, அந்த தைரியம் முக்கியம். அது பழகின பிறகு ஸ்ட்ராப் போட்டு உட்கார்ந்துக்கிட்டே அரை மணி நேரம், அப்புறம் மதியம் படுத்துக்கிட்டு ஒரு குட்டித் தூக்கம். ஒவ்வொண்ணும் உனக்கு சலிப்பா ஆகற வரைக்கும் பண்ணு, நாலு நாளாகலாம், மூணு வாரமும் ஆகலாம், அவசரமே இல்ல. மூஞ்சிய மூடாம மூக்குத் துவாரத்துல மட்டும் பொருந்தற சின்ன மாஸ்க்கும் இருக்கு, உன்ன மாதிரி பயம் இருக்கறவங்களுக்கு அது நல்லா ஒத்துப் போகும், டெக்னீஷியன்கிட்ட கேட்டு மாத்திக்கோ. மூச்ச வெளிய விடும்போது ப்ரெஷர் கொஞ்சம் இறங்கற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, அதையும் போட்டு விடச் சொல்லு. டியூப்ப மாஸ்க்ல இருந்து ஒரு கையால டக்குன்னு கழட்டிப் பழகு, இருட்டுல, கண்ண மூடிக்கிட்டு, இருபது தடவை. ராத்திரி முழிப்பு வந்து பயம் கிளம்பினா மாஸ்க்க பிச்சு எறிய வேணாம், டியூப்ப மட்டும் கழட்டு, எழுந்து உட்காரு, தண்ணி குடி, மூச்சு நிதானமானதும் திரும்ப மாட்டு. அன்னிக்கு மாட்ட முடியலைன்னா அதுவும் பரவாயில்ல, மறுநாள் பாத்துக்கலாம்.

இத்தனை பண்ணியும் பயம் குறையலைன்னா மனநல டாக்டரையோ சைக்காலஜிஸ்ட்டையோ பாரு, இந்த பயத்துக்குன்னே முறையா பயிற்சி குடுப்பாங்க. கிணத்து விஷயத்த இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் பேசினதில்லன்னு உன் லெட்டரப் பாத்தா தோணுது, அவங்ககிட்ட முதல்ல அதைச் சொல்லு.